பிரேக் மிதிக்காதவனுக்குப் பொன்னாடை

பொது இடத்தில் எழுந்து நின்று நான் உண்மை பேசியது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அதற்கான தண்டனை மூன்று மாதம் நடந்து, கடைசியில் பொன்னாடையில் முடிந்தது.

பேசிய உண்மை ஒன்றும் மலையைப் புரட்டும் உண்மை இல்லை. "பன்னெண்டு புள்ளி எட்டு" என்றேன். என் கார் லிட்டருக்கு அத்தனை கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்றேன். சொன்ன இடம்தான் தப்பு. தர்மபுரியில் ஒரு எலெக்ட்ரிக்கல் கடையின் மாடியில், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குக் கூடும் சிறுகார் உரிமையாளர் எரிபொருள் சிக்கன நலச் சங்கம் அது.

அந்தச் சங்கத்தில் வருகைப் பதிவேடு கிடையாது. எழுந்து நின்று பெயரையும், வண்டி எத்தனை கொடுக்கிறது என்பதையும் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். அதுதான் வருகை. "மாதேஷ், இருபத்தி ரெண்டரை." கைதட்டல். "சவுரியப்பன், இருபத்தி மூணு." கைதட்டல். "குமார், இருபத்தொண்ணு, அதுவும் ஏசி போட்டு." பலத்த கைதட்டல். அடுத்து நான் எழுந்து என் கணக்கைச் சொன்னேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"சார் ட்ராக்டர சொல்றாரு போல" என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

தலைவர் ஞானராஜ் எழுந்தார். ஓய்வுபெற்ற ஆய்வாளர். எந்தத் துறையில் எதை ஆய்ந்தார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது, கேட்கவும் பயம்.

"தம்பி, உக்காருங்க. நாங்க கோவப்படல. பதினஞ்சு வருசமா நடக்குற சங்கமுங்க இது. இந்த ஹாலுல இருபதுக்குக் கீழ ஒரு நம்பரு காதுல வுழுந்ததில்ல. ஏன் வுழுந்ததில்ல? ஒழுக்கம்! என் வண்டியவே எடுத்துக்கங்க. இருபத்தி நாலு குடுக்குது. நான் எடுக்கறதே இல்ல, தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கேன். ஆனா எடுத்தா இருபத்தி நாலு. பெட்ரோலு நம்மள ஏமாத்தலீங்க. நம்ம காலுதான் நம்மள ஏமாத்துது."

கைதட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வெட்கம்தான் வந்தது. பரீட்சையில் பெயிலானவன் போல என் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சிரிக்க முடியாததற்குக் காரணம் உண்டு. என் அக்கா லூர்தம்மாள் புளி மண்டியில் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் வேலை செய்கிறவள். சர்க்கரை வியாதி. போன வருடம் வலது பாதத்தில் வந்த புண் ஆறவில்லை. சனிக்கிழமைதோறும் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும், அந்தக் காலை அழுத்தி ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊன்றாமல் பஸ் படி ஏற முடியுமா? அதனால்தான் இண்டூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளராக இருக்கிற நான், என் தகுதிக்கு மீறி, பழைய சிறிய பெட்ரோல் கார் ஒன்று வாங்கினேன். வாங்கும் முன் மாதா கோயில் வாசலில், பூசை முடிந்து ஞானராஜைத்தான் கேட்டேன். "கண்ண மூடிகிட்டு வாங்குங்க தம்பி, இருபத்தி ரெண்டு குடுக்கும்" என்றார். எங்கள் ஊரிலிருந்து சேலம் போய்வர நூற்றுப்பத்து கிலோமீட்டர். ஐந்து லிட்டர். ஐந்நூறு ரூபாய்ச் சொச்சம். என் சம்பளத்துக்கு மூச்சு முட்டினாலும் தாங்கும் என்று பட்டது.

தாங்கவில்லை. வண்டி எட்டரை லிட்டருக்கு மேல் குடித்தது. போய்வந்தால் எண்ணூற்று எண்பது. அதற்குமேல் ஆயில் மாற்று, ஃபில்டர் மாற்று, இன்சூரன்ஸ் கட்டு. இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவைக் கூட்டிப் போனேன். மூன்றாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, "வண்டிய சர்வீசுக்கு வுட்டிருக்கேன்க்கா" என்றேன். வண்டி எங்கள் தெருக்கோடியில் சவுரியப்பன் வீட்டுக் கொட்டகையில் நின்றது.

"பாவம், நல்லா ஓடிட்டிருந்த வண்டி" என்று அக்கா வண்டிக்காக வருத்தப்பட்டாள். மறுநாள் பஸ்ஸில் போனாள்.

ஆகவே சங்கம் என் வண்டியைக் குணப்படுத்தினால் அக்கா மறுபடி காரில் போவாள். இதை நம்பித்தான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். மானம் கெட்டவனுக்கு நம்பிக்கை அதிகம்.

முதல் நடவடிக்கையாக, உறுப்பினர் படிவத்தில் ஒட்டியிருந்த என் போட்டோவைப் பிய்த்து, சங்கத்துப் பலகையில் 'கவனிப்பில் உள்ளோர்' என்ற தலைப்பின்கீழ் ஒட்டினார்கள். அந்தத் தலைப்பின்கீழ் நான் ஒருவன்தான். வாட்ஸாப் குழுவிலும் போட்டார்கள். திங்கட்கிழமை பள்ளியில் வேதியியல் ஆசிரியர், "பன்னெண்டு புள்ளி எட்டு, அந்த சல்ஃபியூரிக் ஆசிட் பாட்டில எடுங்க" என்றார்.

இரண்டாவது நடவடிக்கை, எடைக் குறைப்பு. தக்காளி மண்டி வைத்திருக்கும் மாதேஷ் தன் மண்டித் தராசைக் கொண்டுவந்து எலெக்ட்ரிக்கல் கடை வாசலில் வைத்தார். கீழே அந்தக் கடையை நடத்துகிறவரும் மேலே சங்கத்தின் தொழில்நுட்பச் செயலாளருமான சென்னப்பன் ஒரு நோட்டோடு நின்றார். வண்டியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றித் தராசில் வைத்தார்கள். முதலில் ஸ்டெப்னி டயர்.

"பஞ்சர் ஆனா என்னங்க பண்றது?" என்றேன்.

"நல்ல எண்ணத்தோட ஓட்டுனா பஞ்சர் ஆவாதுங்க" என்றார் சென்னப்பன்.

அடுத்து மாதேஷின் கை டேஷ்போர்டில் இருந்த வேளாங்கண்ணி மாதா சொரூபத்தின் பக்கம் போனது. பாதியில் நின்றது. அவர் தலைவரைத் திரும்பிப் பார்த்தார். ஞானராஜ் கண்ணை மூடி ஒரு நிமிடம் யோசித்தார். "மாதா இருக்கட்டும்" என்றார். "பீடத்தைக் கழட்டுங்க." பீடம் நூற்று ஐம்பது கிராம் இருந்தது. அன்றிலிருந்து மாதா இரட்டைப்பக்க டேப்பில் நின்றாள்.

பின் சீட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார்கள். தலைவருக்குப் பிளாஸ்டிக் நாற்காலி இடுப்பு வலி கொடுக்கிறதாம். அது அவருக்கு ஆசனமாயிற்று.

"பின்னாடி வழக்கமா யாரு உக்கார்றது?" என்று சென்னப்பன் நோட்டைப் புரட்டினார்.

"எங்கக்காங்க. கால்ல புண்ணு. கால நீட்டி வெச்சிக்கணும்."

"எத்தன கிலோ?"

அந்தக் கேள்விக்கு ஓர் ஆண்பிள்ளை சொல்லியிருக்க வேண்டிய பதில் இப்போது எனக்குப் பத்து விதமாகத் தோன்றுகிறது. அன்று நான் யோசித்து, "அறுவத்தெட்டு இருக்குமுங்க" என்றேன்.

அவர் எழுதினார். 'ஸ்டெப்னி பதின்மூன்று. ஜாக்கி நான்கு. பின் சீட் பதினேழு. அக்கா அறுபத்தெட்டு. தவிர்க்கத்தக்க எடை, மொத்தம் நூற்று இரண்டு.' கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். பேனா அவருடையது, கை என்னுடையது.

மூன்றாவது நடவடிக்கை, கால் பயிற்சி. வெளியூர்களில் ஆக்சிலேட்டருக்கு அடியில் கோழிமுட்டை வைத்துப் பழக்குவார்களாம். நம் மாவட்டத்துக்குத் தக்காளிதான் கௌரவம் என்று மாதேஷ் தீர்மானம் கொண்டுவந்து, ஏகமனதாக நிறைவேறியது. நன்றாகப் பழுத்த நாட்டுத் தக்காளி ஒன்றை ஆக்சிலேட்டருக்கு அடியில் வைத்துவிட்டு, அது நசுங்காமல் காரிமங்கலம் சந்தை வரைக்கும் போக வேண்டும். முதல் ஞாயிறு இரண்டாவது கிலோமீட்டரிலேயே நசுங்கியது. என் வலது செருப்பு ஒரு மாதம் ரச வாசனை அடித்தது. இரண்டாம் ஞாயிறு ஒரு செம்மறி மந்தை எங்களை முந்திக்கொண்டு போனது. மொபெட்டில் வந்த பெரியவர் ஒருவர் நின்று, "தள்ளி வுடட்டுங்களா?" என்று அன்பாகக் கேட்டார். ஏசி கூடாது. கண்ணாடியை இறக்கவும் கூடாது, காற்று உள்ளே வந்தால் வண்டியைப் பிடித்து இழுக்குமாம். சட்டை முதுகோடு ஒட்டிப்போய்த் திரும்பி வந்தேன்.

"வேர்வ போனா ஒடம்பு எடையும் கொறையுது பாருங்க. ரெண்டு லாபம்" என்றார் தலைவர், என் பின் சீட்டில் சாய்ந்துகொண்டு.

இதற்குள் அக்கா பஸ்ஸில் போக ஆரம்பித்து மூன்றாம் மாதம் நடந்தது. "ஏன்டா தம்பி, அவ்ளோ பெரிய ரிப்பேரா?" என்று ஒருநாள் கேட்டாள். "சின்னதுதான்க்கா, ஆளுங்க மெதுவா பண்றானுங்க" என்றேன். அதில் பாதி உண்மை.

கடைசியில் தேர்வு ஓட்டம் வந்தது. ஒரு சனிக்கிழமை காலை பத்து மணி. தர்மபுரியில் டேங்கைக் கழுத்து வரைக்கும் நிரப்பிக் கிளம்பி, பெங்களூர் சேலம் ரோட்டில் தொப்பூர் கணவாய் இறக்கம் முழுக்க இறங்கி, அடிவாரத்து பங்க்கில் மறுபடி நிரப்ப வேண்டும். பிடிக்கிற அளவுதான் செலவு. தொப்பூர் இறக்கத்தில் வண்டி தானாகவே உருளும் என்பது நம் ஊர்க் குழந்தைக்கும் தெரியும்.

"அப்ப திரும்பி ஏறி வர்றதுங்க?" என்று கேட்டேன்.

தலைவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏத்தத்துல ஓட்டி மைலேஜ் பாக்கறது நம்ம பண்பாடு இல்லீங்க தம்பி" என்றார். ஏற்றத்துக்கு மாதேஷின் தக்காளி லாரி அடிவாரத்தில் நிற்கும். வண்டியை அதன்மேல் ஏற்றி மேலே கொண்டுவந்துவிடுவார்கள். பதினைந்து வருடமாக அப்படித்தானாம்.

பங்க்கில் நாலு பேர் சேர்ந்து வண்டியைக் குலுக்கிக் குலுக்கிக் கடைசிச் சொட்டு வரை நிரப்பினார்கள். சென்னப்பன் பக்கத்தில் ஏறிக்கொண்டார். விதிகளைப் படித்தார். வேகம் நாற்பது. இறக்கம் வரும்வரை பிரேக் தொடக் கூடாது. "பிரேக்குல கால வெக்கறது பெட்ரோல்ல கைய வெக்கற மாதிரிங்க. ஒருக்கா நின்னு எடுத்தா நம்ம நம்பரே போச்சு."

எங்கள் ஊர் பிரிவு ரோடு அந்த வழியில்தான் இருக்கிறது. அதை நான் யோசிக்காமல் இல்லை. அக்கா ஏழு மணி பஸ்ஸுக்கே போய்விடுவாள், மணி பத்தாகிவிட்டது என்று கணக்குப் போட்டிருந்தேன்.

பிரிவு ரோட்டில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கட்டுப் போட்ட காலைப் பாலிதீன் பையில் நுழைத்து, கிலோமீட்டர் கல்லின்மேல் தூக்கி வைத்திருந்தாள். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே கவரை வெயிலுக்குத் தலைமேல் பிடித்திருந்தாள். வண்டியைப் பார்த்ததும் முகம் அப்படியே மலர்ந்தது. கவரை இறக்கிக் கையை உயர்த்தினாள்.

எண்பதில் போயிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். நாற்பதில் போனால் நிற்கிறவர்களின் முகம் நன்றாகத் தெரியும். அவர்களுக்கும் நம் முகம் தெரியும். என் கால் பிரேக் பக்கம் போனது. "சார், சார், நம்பரு!" என்றார் சென்னப்பன். கால் திரும்பி வந்தது. கண்ணாடி ஏற்றியிருந்ததால் அக்கா சொன்னது கேட்கவில்லை. "தம்பி" என்று வாய் அசைந்ததை மட்டும் பார்த்தேன்.

"யாருங்க அது? உங்களப் பாத்து கை காட்டுது?"

"தெரியலீங்க" என்றேன். "யாரோ பஸ்ஸுக்கு நிக்கறாங்க போல."

பெரிய வெள்ளிக்கிழமைதோறும், தன் குருவையே இதே மாதிரி 'தெரியாது' என்று சொன்ன சீடர் ஒருவரின் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். அவர் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு ஒரு தடவையே போதுமாக இருந்தது.

இறக்கம் ஆரம்பிக்கிற இடத்தில், நியூட்ரலில் ஓட்டாதீர் என்று ஆள் உயரத்துக்குப் பலகை வைத்திருக்கிறார்கள். "அது பெரிய வண்டிங்களுக்கு. நியூட்ரல் போடுங்க" என்றார் சென்னப்பன். போட்டேன். முதல் வளைவிலேயே டேப் விட்டு, மாதா குப்புற அவர் மடியில் விழுந்தாள். அவர் எடுத்து டேஷ்போர்டு உள்ளறையில் போட்டு மூடினார். வேகம் எண்பது, தொண்ணூறு என்று ஏறியது. முன்னால் இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று. இறக்கத்தில் பிரேக் மூன்று முறைக்கு மட்டும் அனுமதி என்பது விதி. நான் முப்பது முறையாவது மிதித்திருப்பேன். சென்னப்பன் எண்ணவில்லை, கண்ணை இறுக மூடி மாதேஸ்வரன் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். என் உயிருக்கு என்றதும் அந்தக் கால் எவ்வளவு லட்சணமாக பிரேக்குக்குப் போயிற்று! அடிவாரம் வரும்வரை அது ஒன்றுதான் மண்டையில் ஓடியது.

அடிவாரத்து பங்க்கில் நிரப்பும்போது வண்டியைக் குலுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "குலுக்குனா நெறைய புடிக்குதுங்க" என்றார் சென்னப்பன், கண்ணைத் திறந்துவிட்ட தெம்பில். கணக்குப் போட்டார். இருபத்தாறு புள்ளி நாலு. சங்க வரலாற்றில் யாரும் வாயால்கூடச் சொல்லாத எண்.

தக்காளிக் கூடைகளுக்கு நடுவே, லாரியின் முதுகில் நின்றுகொண்டு என் கார் மலை ஏறியது.

சாயங்காலம் பாராட்டு விழா. அதற்குள் ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டார்கள். 'கவனிப்பில் உள்ளோர்' பலகையிலிருந்த அதே போட்டோவைத்தான் பெரிதாக்கியிருந்தார்கள். ஞானராஜ் பொன்னாடை போர்த்திவிட்டுப் பேசினார்.

"மூணு மாசத்துக்கு முன்னாடி இந்தத் தம்பி பன்னெண்டு புள்ளி எட்டுன்னாரு. இன்னிக்கு அதே வண்டி, அதே ரோடு, அதே பெட்ரோலு. என்னங்க மாறிச்சு? மனுசன் மாறிட்டாரு! ரோட்டுல எத்தனையோ பேரு கை காட்டுவாங்க. எதுக்கும் நிக்காம வந்தாரு பாருங்க, அந்த மனசு வேணுமுங்க. அதத்தான் நம்ம சங்கம் குடுக்குது. வேற எதையும் குடுக்கறதில்ல."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. என்னைப் பேசச் சொன்னார்கள். மைக் முன்னால் நின்றேன். "சங்கத்துக்கு நன்றிங்க" என்றேன்.

ஆறரை மணிக்குப் பொன்னாடையோடு பிரிவு ரோட்டில் வண்டியைத் திருப்பினேன். அக்கா சேலம் பஸ்ஸிலிருந்து இறங்கி, அதே கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இந்தத் தடவை நிறுத்தினேன். நிறுத்துவதற்கு இப்போது ஒரு செலவும் இல்லை. முன் சீட்டில் கைத்தாங்கலாக உட்கார வைத்தேன். பின்னால் சீட்டு இல்லாததை அவள் பார்க்கவில்லை.

"காலைல ஒன்ன பாத்தன்டா தம்பி" என்றாள்.

நான் கியரை மாற்றினேன்.

"சர்வீசுல இருக்குன்னயே. மெக்கானிக்க பக்கத்துல வெச்சி ஓட்டிப் பாத்துகிட்டு போறயாட்டம் இருக்குது. நான் எதுக்குடா கைய தூக்குனேன்னு அப்பறம் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சி. ஒனக்கு கவனம் செதறிருந்தா? எல்லாம் லாரியா போற ரோடு."

"ஏழு மணி பஸ்ஸுக்குப் போவலயாக்கா?"

"நாலு பஸ்ஸ வுட்டேன்டா. படி ஒசரம், இன்னிக்கி கால ஊனவே முடியல. கடசியா ஒரு கண்டக்டரு, நல்லா இருக்கோணும் அவரு, எறங்கி வந்து கையப் புடிச்சி ஏத்தி வுட்டாரு. போறதுக்குள்ள ஆஸ்பத்திரில ஓ.பி. சீட்டு குடுக்கற நேரம் முடிஞ்சி போச்சி. அடுத்த வாரம் வரச் சொல்லிட்டாங்க." சொல்லிவிட்டு என் தோளைப் பார்த்தாள். "என்னடா இது, சால்வ?"

"வண்டி நல்லா மைலேஜ் குடுத்துச்சின்னு போத்துனாங்கக்கா."

"எத்தன குடுக்குது?"

"இருபத்தாறு."

புளி மண்டியில் கூலிக் கணக்குப் போட்டுப் பழகிய விரல்கள். சட்டென்று மடக்கி எண்ணினாள். "அப்ப சேலம் போயி வர்றதுக்கு நாலு லிட்டரு சொச்சம். நானூறு ரூவா ஆவும். அட, பரவால்லயேடா! எண்ணூறு தொள்ளாயிரம் ஆவுதுன்னு தெருவுல பேசிகிட்டாங்க, எனக்கு பயமா இருந்துச்சி. அதான் நீ சர்வீசுன்னு சொன்னப்போ நான் ரெண்டாவது வார்த்த கேக்கல." கட்டுப் போட்ட காலை மெல்ல நகர்த்தி வைத்துக்கொண்டாள். அப்புறம், கடன் கேட்கிறவளைப் போல, "இனிமே கட்டுபடியாவும்னா, அடுத்த சனிக்கெழம என்னய இட்டுகிட்டு போறயா தம்பி?" என்றாள்.

சவுரியப்பன் வீட்டுக் கொட்டகை ஊருக்கே தெரியும் இடம். அக்காவுக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்குமா? இதைக் கேட்கிற தைரியம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

"போலாம்க்கா" என்றேன்.

மறுநாள் சங்கத்துக்குப் போய், சீட்டுத் துணி கிழிந்திருக்கிறது, தைத்துக் கொண்டுவருகிறேன் என்று பொய் சொல்லித் தலைவரை எழுப்பிவிட்டு, பின் சீட்டோடு மாதாவின் பீடத்தையும் தூக்கிக்கொண்டு வந்தேன். இன்னும் தைத்து முடியவில்லை. சங்கத்திலிருந்து விலகவும் இல்லை. முதல் ஞாயிறு எழுந்து, "அமல்தாஸ், இருபத்தாறு" என்கிறேன். கைதட்டுகிறார்கள். நானும் மற்றவர்களுக்குத் தட்டுகிறேன். இருபத்தி மூணு, இருபத்தி ரெண்டரை என்று ஒவ்வொருவரும் எழும்போது, இவர் யாரை எந்தப் பிரிவு ரோட்டில் விட்டுவிட்டு வந்தாரோ என்று தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே தனியாக பங்க்குக்குப் போய் எண்ணூற்று எண்பதுக்கு அடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன். பள்ளி முடிந்து ஒரு கடையில் இரண்டு மணி நேரம் கணக்கு எழுதப் போகிறேன். சனிக்கிழமை அக்கா பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, மாதா பீடத்தில் நின்றுகொண்டு, மூவருமாகச் சேலம் போகிறோம். அக்கா புளி மண்டி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள், என் தம்பி வண்டி இருபத்தாறு குடுக்குது என்று.

போன வாரம் பிரிவு ரோட்டில் அவளோடு வேலை செய்கிற செல்லி மூட்டையோடு நின்றிருந்தாள். எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கலாமா வேண்டாமா என்று பாதி தூக்கினாள்.

"நிறுத்துடா தம்பி" என்றாள் அக்கா பின்னாலிருந்து. "இருபத்தாறு குடுக்கற வண்டி. ஒரு ஆள ஏத்துனா என்ன கொறஞ்சிடப் போவுது?"

நான் பிரேக்கை மிதித்தேன்.